பழவேற்காட்டு டச்சுக் கோட்டையும் கல்லறைகளும்

பழவேற்காடு திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியின் தென்முனையில் உள்ள பழைய துறைமுக ஊர். ஒல்லாந்தர் என்று தமிழில் வழங்கிய டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடுகளும், 17ஆம் நூற்றாண்டு முதலான அவர்களுடைய கல்லறைகளும் இங்கு உள்ளன.

விஜயநகர ஆட்சியில் இது பெயர்பெற்ற துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசிய எழுத்தாளர் துவார்த்தே பார்போசா இதன் வணிகத்தைக் குறித்துள்ளார். போர்த்துக்கீசியரும் அந்நூற்றாண்டிலேயே வந்து தங்கினர். இவ்வூர் மகிமை மாதா ஆலயம் 1515இல் அவர்களால் நிறுவப்பட்டது என்பது மரபு.

டச்சுக்காரர் முதலில் குடிநீர் தேடிக் கரிமணல் கிராமத்தில் இறங்கினர் என்றும், அங்கிருந்த இஸ்லாமிய வணிகர் அவர்களுக்கு உதவினர் என்றும் செவிவழிச் செய்தி கூறும். 1610 அளவில் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவோடு அவர்கள் பண்டகசாலை அமைத்தனர். சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் 1612இல் அதை அழித்தனர். அதன் பின்னரே கோட்டை எழுந்தது. சிலர் அதன் தொடக்கத்தை 1609 என்பர். 1613 என்பதே பெரும்பான்மைக் கருத்து. டச்சுக்காரரின் அப்போதைய தலைவர் வெம்மர் வான் பெர்கெம் பிறந்த கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரையே கோட்டைக்கு இட்டனர்.

1616 முதல் 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் இதுவே. அக்காலத்து ஆவணங்களே இன்று மிகுதியாகக் கிடைக்கின்றன. நெசவாளரிடம் வாங்கிய துணி கீழைத் தீவுகளுக்குச் சென்று நறுமணப் பொருள்களுக்கு மாற்றாயிற்று. இங்கு நாணயம் அச்சிடப்பட்டது; வெடிமருந்து ஆலையும் நடந்தது. அடிமைகளும் இங்கிருந்து பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டனர். பஞ்சக் காலங்களில் அந்த அடிமை வணிகம் பெருகியது.

1632 முதல் 1642 வரை இங்குப் போதகராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து, இந்து சமயம் பற்றி விரிவான நூல் எழுதினார். அது அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் பாடல்கள் ஐரோப்பிய மொழிக்கு முதன்முதலில் சென்றது அந்நூல் வழியே. கணக்குப் பேரேடுகளே மிகுந்த ஊரில் இப்படியொரு நூல் பிறந்தது தனித்துச் சொல்லத்தக்கது.

1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1781இல் ஆங்கிலேயர் பழவேற்காட்டைக் கைப்பற்றினர். உடன்படிக்கைப்படி திரும்பத் தந்து, 1795இல் மீண்டும் பிடித்தனர். கோட்டை தகர்க்கப்பட்ட ஆண்டு 1806 என்று பொதுவாகக் குறிக்கப்படுகிறது. 1818இல் ஊர் டச்சுக்காரரிடம் திரும்பி வந்தது; 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி 1825இல் முற்றிலும் ஆங்கிலேயர் வசமாயிற்று.

டச்சுக் கல்லறைத் தோட்டங்கள் இரண்டு. பழையதில் 1631 முதல் 1655 வரையிலான 22 கல்லறைகளும், மற்றதில் மண்டபச் சமாதிகள் உட்பட 76 கல்லறைகளும் உள்ளதாகக் கணக்கிட்டுள்ளனர். பெரிய தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பார்ப்பவரை அச்சுறுத்துவதைவிட அவை வாயிற்காவலரைப் போல வரவேற்பதாகவே தோன்றும். கிடைக்கற்களில் குடும்பச் சின்னங்களும் டச்சு மொழி வாசகங்களும் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளன. வேலைப்பாடு உள்ளூர்ச் சிற்பிகளுடையதா, கடல்கடந்து வந்ததா என்பதில் கருத்தொற்றுமை இல்லை. அலெக்சாண்டர் ரீ 1897இல் வெளியிட்ட டச்சுக் கம்பெனிச் சின்னங்கள் பற்றிய நூலும், ஜூலியன் காட்டன் 1905இல் தொகுத்த கல்லறைக் கல்வெட்டுப் பட்டியலும் இவற்றை அறிய முதன்மையான துணைகள்.

கோட்டை இருந்த இடம் இன்று அகழியின் தடத்துக்குள் புதர் மண்டிய மேடு. பெரிய கல்லறைத் தோட்டம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.