பூமிசாஸ்திரமும் நம் மண்ணும்

1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள் இலங்கைக்கு வந்தன. உயர்தரப் பாடசாலை மாணவரின் விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்றன. பாடத்தின் அளவுகோலும் அங்கிருந்தே வந்தது. அந்நியரின் ஆறுகளையும் துறைமுகங்களையும் மனனஞ் செய்தவனே பூமிசாஸ்திரம் கற்றவனானான்.

வற்றாத நதியொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் மழைநீரே கிணறுகளில் ஊறுகிறது. மிகையாக இறைத்தால் உவர் ஏறும். உழவன் அறிந்த இவ்வுண்மைக்குப் பரீட்சை மண்டபத்தில் மதிப்பேது?

1945இல் இலவசக் கல்வி வந்தது; பின்னர் தாய்மொழியும் மேல்வகுப்புகளில் ஏறியது. ஏழையின் பிள்ளைக்குக் கதவு திறந்தது. ஆயினும், மொழி மாறியதால் மட்டும் பாடம் மாறிவிடாது. தேயிலை விளையும் மாவட்டங்களை ஒப்புவிக்கும் மாணவன், அங்கு கொழுந்து கொய்தோரின் குடியுரிமை 1948இல் ஏன் பறிக்கப்பட்டது என்றும் வினவவேண்டும்.

ஆசிரியர்களே, மண்ணைக் கற்பிக்கையில் அம்மண்ணில் உழைப்போரை மறவாதீர்!