விமானத்தைப் பெருக்குவது யார் வேலை?

கடைசிப் பயணி இறங்கிப்போன பிறகு விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்று நம்மில் பலர் பார்த்ததில்லை. நாம் பெட்டியைத் தேடி ஓடிக்கொண்டிருப்போம். அங்கே கையுறையும் குப்பைப் பையுமாக ஒரு கூட்டம் ஏறும். சீருடையில் இன்னொரு கூட்டம் இறங்கும். இந்த இரண்டு கூட்டமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறதா? சின்னக் கேள்விதான். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறே இருக்கு.

1930இல் தொடங்குவோம். எல்லன் சர்ச் என்ற அமெரிக்கச் செவிலியருக்கு விமானம் ஓட்டவும் தெரியும். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தில் விமானி வேலை கேட்டார். பெண் என்பதால் கிடைக்கவில்லை. அப்படியானால் பயணிகளைக் கவனித்துக்கொள்ள நர்ஸுகளையாவது எடுங்கள் என்றார். அது எடுபட்டது. அவரையும் சேர்த்து எட்டுப் பேர். மே 15 அன்று அவர் முதல் பணிப்பெண்ணாகப் பறந்தார். காபி கொடுப்பது மட்டுமா அவர்கள் வேலை? உள்ளே பெருக்கித் துடைப்பது, பெட்டி தூக்குவது, ஆடுகிற இருக்கையைத் திருகி இறுக்குவது எல்லாமே அவர்கள் தலையில்தான். மேல்வேலை, கீழ்வேலை என்ற கோடு அப்போது அவ்வளவு அழுத்தமாக விழவில்லை.

ஜெட் காலம் வந்தது. விமானங்கள் பெரிதாயின, வேலைகள் பிரிந்தன. பணிப்பெண்ணின் அழகை நிறுவனங்கள் விளம்பரத்தில் விற்றன. துடைப்பம் பிடித்தவர் விளம்பரத்துக்கு வெளியே போனார்.

அந்தக் கோட்டை அழித்தது கொள்கை அல்ல, பணமுடை. டெக்சாஸில் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் 1971 ஜூனில் டல்லஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ ஊர்களுக்கிடையே பறக்கத் தொடங்கியது. மறு வருஷமே கையில் காசில்லை. இருந்த நான்கு போயிங் 737களில் ஒன்றை விற்க வேண்டியதாயிற்று. ஆனால் கால அட்டவணையைக் குறைக்க மனமில்லை. மூன்று விமானத்தை வைத்து நான்கின் வேலையைச் செய்ய ஒரே வழிதான்: இறங்கிய விமானத்தைப் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளப்ப வேண்டும். தரைப்பணியைக் கவனித்த பில் பிராங்க்ளின் அதை நடத்திக் காட்டினார். சாப்பாடு கிடையாது, அதனால் குப்பை குறைவு. பயணிகள் இறங்க இறங்கப் பணிப்பெண்கள் குப்பை பொறுக்கினார்கள்; சமயத்தில் விமானிகளும் கைகொடுத்தார்கள். இத்தனைக்கும் ஆரஞ்சு நிறக் குட்டை உடையைப் போட்டுக் கவர்ச்சியைக் காட்டி டிக்கெட் விற்ற கம்பெனி அது! 1973இல் முதன்முதலாக லாபம் பார்த்தது.

வேகத்தின் ரகசியம் கடிகாரத்தில் மட்டும் இல்லை என்று பின்னால் ஆராய்ந்து சொன்னவர் ஜோடி ஹோஃபர் கிட்டெல். நான்கு அமெரிக்க விமான நிறுவனங்களின் ஒன்பது நிலையங்களை அவர் ஆராய்ந்தார். ஒரு விமானம் கிளம்பப் பன்னிரண்டு வகைப் பணியாளர்கள் வேண்டும்: விமானி முதல் துப்புரவாளர் வரை. சில இடங்களில் ஒவ்வொரு வகையும் தனக்குக் கீழே இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தது. பெட்டி ஏற்றுபவர் விமானத்தைத் துடைப்பவரை இளக்காரமாகப் பார்ப்பார்; அவரோ கட்டடத்தைத் துடைப்பவரை. நமக்குப் புதுசா என்ன? ஆனால் ஒரே குறிக்கோள், அடுத்தவர் வேலை பற்றிய அறிவு, பரஸ்பர மரியாதை இவை மூன்றும் இருந்த நிலையங்களில் தாமதமும் தொலைந்த பெட்டியும் குறைந்தன என்பது அவர் கண்டது. 2003இல் வந்த அவருடைய புத்தகம் இதை விரிவாகப் பேசுகிறது.

மரியாதை எப்படி நேரத்தை மிச்சப்படுத்தும்? ஓர் உதாரணம் யோசித்துப் பாருங்கள். பதினேழாம் வரிசையில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. அது பணிப்பெண்ணுக்குத் தெரியும். ஏறிவரும் துப்புரவாளரிடம் "அக்கா, பதினேழுல மெத்தை மாத்தணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் முதலிலேயே மாற்று மெத்தை வந்துவிடும். முகம் பார்க்காமல் இறங்கிவிட்டால்? அடுத்த பயணி வந்து உட்காரும்போதுதான் தெரியும். வண்டி நிற்கும், பழி துப்புரவாளர் மேல் விழும்.

இந்தக் கதையில் ஓர் உறுத்தலும் உண்டு. "எல்லாரும் சேர்ந்து பெருக்குவோம்" என்பது மரியாதையாகவும் இருக்கலாம், துப்புரவாளர் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் தந்திரமாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் பல நிறுவனங்களில் பணிக்குழுவுக்கு மணிக்கணக்குச் சம்பளம் கதவு சாத்திய பிறகுதான் ஓடத் தொடங்கும். பயணிகள் ஏறும் நேரத்துக்கும் டெல்டா சம்பளம் கொடுக்கத் தொடங்கியதே 2022இல்தான், அதுவும் பாதி. துப்புரவு வேலையோ பல இடங்களில் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. இன்று வந்து நாளை மாறிவிடுபவரை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்?

சேர்ந்து குனிந்து குப்பை எடுப்பது நல்ல விஷயம்தான். குனிகிற நேரத்துக்கு இரண்டு பேருக்கும் கூலி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். அதைக் கேட்காத மரியாதை வெறும் வாய்ப்பேச்சு.

அடுத்த முறை இறங்கும்போது வாசலில் கையுறையோடு காத்து நிற்பவர்களைப் பாருங்கள். நன்றியைப் பணிப்பெண்ணிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.