மறுப்பா, ஒப்படைப்பா? பெப் 484இன் ஒரு பத்தி

பைத்தான் மொழியின் இனக்குறிப்புகள் நிரல் ஓடும்போது எந்த வேலையும் செய்யக்கூடாதவை என்றும், அவற்றைக் கொண்டு செயலுருபுகளைச் சோதிப்பது வடிவமைத்தவர்களின் நோக்கத்துக்கு மாறானது என்றும் ஒரு கருத்து முடிந்த முடிபாக வழங்கிவருகிறது. ஆதாரமாகக் காட்டப்படுவது, இனக்குறிப்புகளை வகுத்த பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவான பெப் 484இன் முற்பகுதியில் வரும் கூற்று: இயக்க நேரத்தில் இனச் சோதனை நடைபெறாது. கூற்று சரி. அதிலிருந்து பெறப்படும் முடிவு பிழை.

அதே ஆவணத்தில், எவையெல்லாம் தன் குறிக்கோள் அல்ல என்று சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதை ஊன்றிப் படித்தவர்கள் குறைவு. டைப்பிங் தொகுதி இயக்க நேரச் சோதனைக்கான சில அடிப்படை உறுப்புகளைத் தரும். கெட் டைப் ஹின்ட்ஸ் என்னும் செயற்கூறு அவற்றுள் முக்கியமானது. சோதனையை நிகழ்த்தும் நிரல்களை வெளியார் ஆக்கிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு டெக்கரேட்டர், மெட்டாகிளாஸ் போன்ற வழிகள் உள்ளன. இவ்வளவும் அங்கே இருக்கிறது. கருவியின் பெயரையும் வழியையும் சேர்த்தே சொல்லும் பத்தியைத் தடை என்று எப்படி வாசிப்பது? மொழி தானாகச் சோதிக்காது என்பதே முற்பகுதியின் பொருள். யாருமே சோதிக்கக்கூடாது என்பது வாசித்தவர்கள் சேர்த்துக்கொண்டது.

ஒரு பத்தியை வைத்து நோக்கத்தை ஊகிப்பதில் இடர் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் நடந்ததும் இந்த வாசிப்புக்கே துணை நிற்கிறது. இனக்குறிப்புகளைச் சரமாகவே வைத்திருக்கும் பெப் 563, பைத்தான் 3.10இல் இயல்பு நிலையாக வேண்டியது. குறிப்புகளை இயக்க நேரத்தில் படித்துப் பயன்படுத்தும் பைடான்டிக், ஃபாஸ்ட்ஏபிஐ முதலிய நிரலகங்களைச் சார்ந்தோரின் எதிர்ப்பை அடுத்து, 2021 ஏப்ரலில் பைத்தானின் வழிகாட்டுக் குழு அதைத் தள்ளிவைத்தது. இயக்க நேரப் பயன்பாடு முறையற்றது என்று கருதியிருந்தால் அதற்காக ஒரு வெளியீட்டின் திட்டத்தையே மாற்றியிருப்பார்களா?

பெப் 484 தரும் இந்த அனுமதிக்கு ஓர் எல்லை உண்டு. சோதனையை ஆதரிப்பவர்களே அதைக் கவனிக்கவில்லை. பத்தி பேசுவது சோதனையைப் பற்றி மட்டுமே. மதிப்பை ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கு மாற்றுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தொகை என்ற அளபுருவுக்கு இன்ட் என்று குறிப்பிட்டு, உடற்பகுதியில் தொகையை 2ஆல் பெருக்கும் செயற்கூற்றை எடுத்துக்கொள்வோம். "12" என்ற சரத்தை அனுப்பினால் பிழைச் செய்தி ஏதும் வராது. "1212" என்ற விடை வரும். சோதிக்கும் டெக்கரேட்டர் அந்த அழைப்பை மறுக்கும். மாற்றும் டெக்கரேட்டரோ சரத்தை 12 ஆக்கி 24 என்று விடை தரும். முன்னது குறிப்பில் எழுதியிருப்பதை நிறைவேற்றுகிறது. பின்னது மைபை போன்ற நிலைச் சோதிப்பான் தவறென்று சொல்லும் அழைப்பைச் சரியென்று ஏற்கிறது. ஒரே குறிப்புக்கு இரண்டு பொருள்.

2006இல் எழுதப்பட்ட பெப் 3107, இனக்குறிப்பின் பயன்களில் ஏற்புமாற்றத்தையும் தொலைச் செயற்கூறு அழைப்புக்கான தரவுப் பொதிவையும் சேர்த்திருக்கிறதே என்று கேட்கலாம். பொதிவு என்பது நிரலுக்கு வெளியே போகும், வெளியிலிருந்து வரும் மதிப்புகளுக்கு உரியது. ஒரே நிரலுக்குள் ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைக்கும் இடத்துக்கு அது பொருந்தாது. சோதனையே நேரத்தை விழுங்கும் என்ற இன்னொரு மறுப்போ செலவைப் பற்றியது. அனுமதியைப் பற்றியது அல்ல.

மாற்றத்தில் விதியை எழுதுவது யார் என்பதுதான் உண்மையான சிக்கல். இன்ட் என்ற குறிப்பின் கீழ் 3.9ஐக் கொடுத்தால் பைடான்டிக்கின் முதல் பதிப்பு அதை 3 ஆக வெட்டியது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பு ஏற்க மறுக்கிறது. குறிப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பைத்தானின் இன்ட் செயற்கூறே "௧௨" என்ற தமிழ் இலக்கங்களை 12 என்று படிக்கிறது. அதே எண்ணைப் பழைய முறையில் "௰௨" என்று எழுதினால் பிழை எழுப்புகிறது. யூனிகோடில் ௧, ௨ ஆகியவை பதின்ம இலக்கங்கள். ௰ அந்த வகையில் இல்லை. அளபுருவுக்கு அருகே இன்ட் என்று எழுதியவர் இவற்றில் எதைப் பற்றியும் முடிவெடுத்திருக்கவில்லை.

பைடான்டிக்கின் இரண்டாம் பதிப்பில் கண்டிப்பு முறை ஒன்று இருக்கிறது. அது இன்ட் கேட்கும் இடத்தில் "12"ஐ மறுக்கும். ஃபுளோட் கேட்கும் இடத்தில் முழு எண்ணை ஏற்கும். இந்தச் சலுகை பெப் 484 தானே வகுத்தளித்தது. இயல்பு நிலையாக இருக்க வேண்டியது இந்த முறைதான். இன்று அதை ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.