காவிரிப் படுகையின் சாலை மரங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரிப் படுகையில் காடு என்று சொல்லத்தக்க நிலம் மிகக் குறைவு. கோடிக்கரையின் வறண்ட பசுமைமாறாக் காடும் முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடும் கடலோரத்தில் ஒதுங்கிவிட்டவை. உள்நாடு பல நூற்றாண்டுகளாக நஞ்செய். மரத்தை நம்பி வாழும் உயிர்களுக்கு இங்கே மிஞ்சியவை ஆற்றங்கரை, கோயில் நந்தவனம், குளக்கரை, ஊர்த் தோப்பு, சாலையோரம் ஆகியவைதாம். இவற்றுள் மைல் கணக்கில் அறுபடாமல் நீண்டு கிடந்தவை ஆற்றங்கரையும் சாலையோரமும். பழைய சாலைகள் பலவும் ஆற்றங்கரை மீதே போனதால், பல இடங்களில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மலைநாட்டில் சாலை காட்டுக்குள் புகுகிறது. படுகையில் சாலையே காடாக இருந்தது. அதனால் இங்கே சாலை அகலமாகும்போது ஏற்படும் இழப்பு வேறு வகையானது, எளிதில் கணக்கில் வராதது.

சாலைகள் கரையில் அமைந்ததற்குக் காரணம் நில அமைப்பு. வெள்ளம் பெருகும்போது வண்டலின் கனத்த பகுதி கரையை ஒட்டியே படிகிறது. நாளடைவில் கரை மேடாகிறது. அதிலிருந்து விலக விலக நிலம் தாழ்ந்து வயலாகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டி போகக்கூடிய இடம் கரை மட்டுமே. சோழர் கல்வெட்டுகள் நில எல்லை கூறும்போது இந்த வதிக்கு மேற்கு, இந்த வாய்க்காலுக்கு வடக்கு என்று பாதையையும் நீரையும் ஒரே கட்டமாக வைத்துக் குறிக்கின்றன. அந்த வதிகளிலும் வாய்க்கால்களிலும் பலவற்றுக்கு அரசர், அரசியர் பெயர்களே இடப்பட்டிருந்தன. காவிரியும் குடமுருட்டியும் அரசலாறும் வெண்ணாறும் கிழக்கு நோக்கி ஓடின; முக்கியப் பாதைகளும் அவற்றோடு கிழக்கு நோக்கிப் போயின. இன்றைய கல்லணை–பூம்புகார் சாலை அந்தப் பழைய போக்கைப் பெரிதும் பின்பற்றுவது. அக்கரைகளில் நீர்மருது, இலுப்பை, புன்னை, நாவல், புங்கன், மூங்கில் ஆகியவை நின்றன. மண் அரிக்காமல் கரையைப் பிடித்து நிறுத்தியவையும் இவற்றின் வேர்களே.

தெற்கே போகும் பாதைகளுக்கு நிழல் சேர்த்ததில் மராத்தியர் காலத்துச் சத்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இராமேசுவரத்துக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை அரச குடும்பத்தார் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினர். இரண்டாம் சரபோஜி 1802இல் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் பேர்பெற்றது. சத்திரம் என்றால் கட்டடம் மட்டும் அன்று. குளமும் கிணறும் தோப்பும் அதனோடு சேர்ந்தவை. வழிப்போக்கருக்காக வைத்த மரம் அறமாகக் கருதப்பட்டதால் அதை வெட்டத் துணிந்தவர் குறைவு.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1799இல் தஞ்சை நாட்டின் நிர்வாகத்தை எடுத்துக்கொண்ட பிறகு சாலை அரசாங்கத்தின் வேலையானது. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டத் தொடங்கிய அணைகளுள் ஒன்றான கீழணையின் மேலேயே பின்னர் போக்குவரத்தும் நடந்தது. அந்த ஊர் அணைக்கரை என்றே அறியப்படுகிறது. படுகை வண்டல் பூமி, கல் கிடையாது. வல்லம் மேட்டுப் பகுதி போன்ற இடங்களின் செம்புறாங்கல்லையும் சரளையையும் நம்பித்தான் சாலை போட முடிந்தது. 1861இல் நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் வந்தபின் நெடுந்தொலைவுச் சரக்கு இருப்புப்பாதைக்கு மாறியது. சாலைகள் ரயிலடிக்கு நெல் வண்டிகளைக் கொண்டுசேர்க்கும் வேலையில் நிலைத்தன. அவை நெடுங்காலம் குறுகலாகவே இருந்ததற்கும் மரங்கள் பிழைத்ததற்கும் இது ஒரு காரணம்.

1871இல் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884இல் உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்தன. சாலையும் சாலை மரமும் மாவட்ட வாரியத்தின் பொறுப்பாயின. நிழலோடு வருமானமும் தந்ததால் புளி முதலிடம் பெற்றது. அடிமரத்தில் எண் எழுதி, ஆண்டுதோறும் காய்ப்பை ஏலம் விடும் வழக்கம் வாரியங்களுக்குப் பின் நெடுஞ்சாலைத் துறையிலும் தொடர்ந்தது. பட்டுப்போனதையும் சாய்ந்ததையும் தவிர மற்றதை விட்டுவைக்க இந்த ஏலமே காவலாக இருந்தது. மரத்தை விறகாக மட்டும் பார்க்கத் தொடங்கிய பிந்தைய காலத்தோடு ஒப்பிட்டால், காய்ப்பை விற்று மரத்தைக் காத்த அந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

புளி நூறாண்டு கடந்தும் நிற்கும். கிளை ஒடிந்த இடம் உளுத்துப் பொந்தாகும். அந்தப் பொந்துதான் படுகையின் வனவிலங்கு வரலாற்றில் மையமானது. புள்ளி ஆந்தை, கிளி, மைனா, பனங்காடை ஆகியவை தாமாகப் பொந்து குடைவதில்லை. கிடைத்த பொந்தில் குடியேறுகின்றன. கூகை பழங்கட்டடங்களிலும் மரப்பொந்துகளிலும் குஞ்சு பொரிக்கும். மரநாய் பகலை அங்கே கழிக்கும். ஆலும் அரசும் ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் பழுப்பதால் குக்குறுவானுக்கும் குயிலுக்கும் பழம் ஓயாது. கோடையில் இலுப்பை பூத்தால் பழந்தின்னி வௌவால்கள் இரவில் திரண்டு வரும். விதையைத் தொலைவில் கொண்டுபோய்ப் போடுவதும் அவையே. அடியில் வேர்ப் புற்றுகளிலும் புதரிலும் கீரி, சாரைப்பாம்பு, உடும்பு ஆகியவை இருந்தன. கரையோர மூங்கில் புதர்களில் நரியும் காட்டுப்பூனையும் பகலில் ஒதுங்கின. இவற்றுள் வேட்டையாடுபவை பகலிலும் இரவிலும் இறங்கியது வயலில்தான். நெல் வயலின் எலியைத் தின்ற கூட்டம் சாலையோரத்தில் குடியிருந்தது. உழவருக்கு அதனால் கிடைத்த உதவிக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

1946இல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனியே அமைந்தது. பேருந்து வந்தது, தார் வந்தது. அப்போதும் கிளைகள் இருபுறமிருந்தும் மேலே கோத்து நின்றன. அணில் தரையில் இறங்காமலே சாலையைக் கடந்தது. நிலைமை தலைகீழாக மாறியது கடந்த சில பத்தாண்டுகளில்தான். திருச்சி–தஞ்சாவூர் சாலை நான்கு வழியானது. சுமார் 165 கி.மீ. நீளமுள்ள விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையும், புதுச்சேரி, சிதம்பரம், காரைக்கால் வழியாகச் செல்லும் ஏறத்தாழ 180 கி.மீ. விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலையும் அடுத்து வந்தன. 2018 நவம்பர் 16இல் கரையேறிய கஜா புயல், தென் படுகையில் அகலப்படுத்தலுக்குத் தப்பியிருந்த மரங்களிலும் மிகப் பலவற்றைச் சாய்த்தது.

பழைய சாலை அகலமான இடத்தில் மரம் போயிற்று. ஊர்களைச் சுற்றிப் புறவழி அமைந்த இடத்தில் வயல் போயிற்று. திருவையாறு புறவழிச்சாலைக்காகப் பயிர் நின்ற வயலில் மண் கொட்டப்பட்டதை எதிர்த்து உழவர்கள் போராடினர். நீரோட்டத்தின் பாடு இன்னும் கடினம். பழைய சாலைகள் ஆற்றோடு சேர்ந்து போனவை. கடலோரமாகப் போகும் புதிய விழுப்புரம்–நாகப்பட்டினம் சாலை வடக்கிலிருந்து தெற்காக வழியிலுள்ள ஆறுகளையும் வடிகால்களையும் குறுக்கே வெட்டுகிறது. உயர்ந்த மண்மேட்டின் கீழே வைக்கும் மதகும் குழாயும் போதாவிட்டால் மேற்கே நீர் தேங்கும், கிழக்கே குறையும். மீனும் தவளையும் ஆமையும் ஒரு வாய்க்காலிலிருந்து மற்றொன்றுக்குப் போவது நீர் போகும் வழியைப் பொறுத்தது. அந்த மேட்டுக்கான மண்ணும் ஏரிகளிலிருந்தும் பட்டா நிலங்களிலிருந்தும் தோண்டியதே. ஏரியைச் சீராகத் தூர்வாரினால் நன்மை. ஓரிடத்தில் ஆழமாக வெட்டினால், ஆழமற்ற நீரில் நடந்து இரை தேடும் நாரைக்கும் அரிவாள் மூக்கனுக்கும் அங்கே இடமில்லை.

தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையை ஒட்டிய வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமானது. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் 2022இல் ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் அங்கே தங்கும் கொக்கும் நத்தைகுத்தி நாரையும் இரை தேடுவது சுற்றிலும் உள்ள நெல் வயல்களில். சரணாலயத்தின் எல்லைக்கல் ஏரிக்கரையோடு நின்றுவிடுகிறது. பறவையின் வாழிடம் அதற்கப்பால் பல கல் தொலைவுக்கு விரிந்தது.

சாலையோரமும் வயலும் சேர்ந்த இந்த வாழிடத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் 2013ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 100 கி.மீ.க்கு மேற்பட்ட நீளத்தில், இருக்கும் தடத்தில் 40 மீட்டருக்கு மேல் கூடுதல் நிலம் எடுத்து விரிவாக்கும் தேசிய நெடுஞ்சாலைக்குத்தான் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். தடம் மாறும் பகுதிகளுக்கும் புறவழிகளுக்கும் அந்த அளவு 60 மீட்டர். துண்டு துண்டாக நடக்கும் சிறு அகலப்படுத்தல்கள் இதில் அகப்படுவதில்லை. 2020இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடுத்தது. சாலை, துறைமுகம், குழாய்வழி போன்ற உட்கட்டமைப்புகளுக்கு அது விலக்களித்தது. படுகையைக் காக்க வந்த சட்டத்தில் இது பெரிய ஓட்டை. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழுக்கள் பொது நிலத்து மரங்களை வெட்ட அனுமதி கேட்கும் மனுக்களை இப்போது ஆராய்கின்றன. மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்து நடுவதும் சில இடங்களில் நடக்கிறது.

வெட்டிய ஒன்றுக்குப் பத்துக் கன்று என்பது வழக்கமான ஈடு. மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுப் பசுமை நெடுஞ்சாலைக் கொள்கை திட்டச் செலவில் 1 சதவீதத்தை மரம் நடுவதற்கு ஒதுக்கச் சொல்கிறது. நடுத்திட்டில் அரளி வைக்கப்படுகிறது. அதில் பொந்தும் இல்லை, கூடு தாங்கும் கிளையும் இல்லை. ஓரங்களில் வேம்பு, புங்கன், பூவரசு நடப்படுகின்றன. புளியும் இலுப்பையும் ஆலும் அருகிவிட்டன. பொந்து விழும் முதிர்ச்சிக்கு ஒரு கன்று பல பத்தாண்டுகள் நிற்க வேண்டும். அதற்குள் அந்தச் சாலை மறுபடியும் அகலப்படுத்தப்படலாம். இதனிடையே, எலியைப் பிடிக்க வரும் ஆந்தை உட்காருவதற்காக நெல் வயலில் குச்சி நட்டுப் பறவைத் தாங்கி அமைக்கும்படி வேளாண்மைத் துறை உழவர்களுக்குப் பரிந்துரைக்கிறது.