நெடுந்தீவுக் குதிரைகள்

குறிகட்டுவான் துறையில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் நாம் நெடுந்தீவை அடைந்தோம். முருகைக்கல் வேலிகளுக்கு அப்பால், வெட்டைவெளியில் மேய்ந்த மட்டக்குதிரைகளைப் படம்பிடித்தோம்.

போர்த்துக்கேயர் கொணர்ந்த குதிரைகளின் வழித்தோன்றல்கள் இவை என்பர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் நகரொன்றின் பெயரால் இத்தீவை 'டெல்வ்ற்' என்றழைத்து, இங்கே குதிரைகளை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்திலும் தொடர்ந்த அவ்வளர்ப்பு பின்னர் கைவிடப்பட்டது. லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

ஆண்டோர் அகன்றனர், குதிரைகள் கடிவாளமின்றி வாழ்கின்றன. ஆயினும் கடும் வரட்சியில் நீர்நிலைகள் வற்றும்போது அவை தாகத்தால் மடிகின்றன. அன்று ஒரு குட்டி, தாயருகே நின்று காய்ந்த குட்டையின் சேற்றை முகர்ந்தது.

படைப்பைப் பேணும் பொறுப்பை இறைவன் மனிதரிடமே ஒப்படைத்தார். எம் கைகளிலோ புகைப்படக் கருவி இருந்தது. ஒரு வாளி தண்ணீர் இருக்கவில்லை.