வார்ப்புக்கு இணங்காத உலோகம்

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அது நின்ற இடத்தில் உலோகத்தை ஊற்றும் கலை தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் அம்முறையில் பிறந்தவையே. சுவாமிமலைச் சிற்பியர் இன்றும் அதனைக் கைவிடவில்லை. பல் மருத்துவப் பட்டறையிலும் இம்முறையே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது என்பதைப் பலர் அறியார். 1907ஆம் ஆண்டில் வில்லியம் டாகார்ட் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், பற்குழியின் வடிவை மெழுகில் எடுத்து, அவ்வடிவிலேயே பொன்னை வார்த்துக் குழியை அடைக்கும் முறையை நியூயார்க்கில் எடுத்துக்காட்டினார். அதன்பின் அது உலகெங்கும் பரவியது.

பொன் வார்ப்பவன் சொற்படி கேட்கும் உலோகம். 1,064 பாகை வெப்பத்தில் உருகும், காற்றோடு கலவாது, அச்சோடு பகை கொள்ளாது. நீரைப்போல் 19 மடங்கு கனமுடையதாதலின், சுழற்றி வீசினால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் சென்று நிறையும். குறை அதன் விலையே. 1971இல் அமெரிக்கா டாலருக்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பை அறுத்தது. அவுன்சு 35 டாலர் என்றிருந்த பொன், 1980 ஜனவரியில் 850 டாலரை எட்டியது. மலிவான நிக்கல் கலப்புலோகங்களை நாடியோர்க்கு வேறு தொல்லைகள் காத்திருந்தன. நிக்கல் சிலர் உடலுக்கு ஒவ்வாது. அக்கலவைகள் சிலவற்றில் சேர்க்கப்பட்ட பெரிலியத்தின் தூளோ, அவற்றைத் தேய்த்து மெருகிடும் தொழிலாளரின் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே மலிவும் நலமும் ஒருங்கே உடைய வேறோர் உலோகம் தேவைப்பட்டது. அறிஞர் கண்ணில் பட்டது டைட்டானியம்.

இவ்வுலோகத்தின் வரலாறு கருமணலில் தொடங்குகிறது. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்னும் மதகுரு, ஓடைக் கருமணலை ஆராய்ந்து அதில் புதியதோர் உலோகம் உண்டு என்றார். 1795இல் ஜெர்மானியரான கிளாப்ரோத், கிரேக்கப் புராணத்து டைட்டன்களின் பெயரை அதற்குச் சூட்டினார். அத்தகைய தாது நமக்கும் அந்நியமன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும், மலேசியாவில் வெள்ளீயம் பிரித்தபின் எஞ்சும் ‘ஆமாங்’ மணலிலும் அது உண்டு. ஆயினும் தூய உலோகத்தைப் பிரித்தெடுக்க 1910 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அமெரிக்காவில் மாத்யூ ஹண்டர் அதனைச் செய்தார். பின்னர் லக்ஸம்பர்க் நாட்டு வில்லியம் குரோல் மக்னீசியத்தைக் கொண்டு பிரிக்கும் வழி கண்டார்; அதன் பயனாக 1948 முதல் அது வாணிகப் பொருளாயிற்று.

1952இல் சுவீடன் நாட்டு பிரனெமார்க், முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றார். அது எலும்போடு ஒட்டி நின்றது. இதனைக் கொண்டே 1965இல் மனிதரின் தாடையில் டைட்டானிய வேர்களைப் பதித்தார். உடல் இவ்வுலோகத்தை ஏற்கக் காரணம் யாது? டைட்டானியத்துக்குப் பிராணவாயுவின்மீது தீராத வேட்கை உண்டு. காற்றுப் பட்டவுடன் மெல்லிய படலமொன்று அதன்மேல் படரும். கீறினாலும் அக்கணமே மீண்டும் மூடிக்கொள்ளும். அப்படலமே வாயின் உப்பும் புளிப்பும் உலோகத்தை அரியாமல் காக்கிறது.

வாயில் காவலாக நிற்கும் அவ்வேட்கையே உலையில் பகையாகிறது. டைட்டானியம் 1,668 பாகையில் உருகும். அந்நிலையில் காற்றிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சும். அதுமட்டுமன்று, அச்சிலுள்ள மணற்சத்தான சிலிக்காவிலிருந்தும் அதனைப் பறித்துக்கொள்ளும். விளைவாக வார்ப்பின்மேல் கடினமும் நொறுங்கும் இயல்பும் கொண்ட தோல் உண்டாகிறது. பொன்னின் கனத்தில் நாலிலொரு பங்குக்கும் குறைவாதலின், சுழற்றினாலும் விசை போதாது; மெல்லிய ஓரங்களில் நிறையுமுன்பே உறைந்துவிடும்.

1977இல் அமெரிக்க ஆய்வாளர் வாட்டர்ஸ்ட்ராட், செம்பும் நிக்கலும் கலந்து உருகுநிலையைத் தாழ்த்திய டைட்டானியக் கலப்புலோகத்தை வார்ப்பது பற்றி எழுதினார். 1980களில் ஜப்பானியர் தூய டைட்டானியத்துக்கே தனிப் பொறிகள் அமைத்தனர். அவற்றில் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு நிரப்பப்படும். செம்புத் தட்டின்மேல் வைத்த உலோகக் கட்டியை மின்சாரச் சுடர் நொடிப்பொழுதில் உருக்கும். அழுத்தமோ சுழற்சியோ அதனை அச்சுக்குள் தள்ளும். அச்சுக்குச் சிலிக்காவை விடுத்து, மக்னீசியா, அலுமினா, சிர்கோனியா போன்றவற்றை ஆண்டனர். வார்ப்புக்குள் வாயுக் குமிழிகள் தங்குவதுண்டு. இவ்வுலோகம் எக்ஸ் கதிரைப் பொன்னைப்போல் தடுப்பதில்லை. ஆதலால் படமெடுத்து அக்குறையை முன்னரே கண்டுகொள்ளலாம்.

அதே 1980களில் சுவீடனில் மாட்ஸ் ஆண்டர்சன் வார்ப்பையே ஒதுக்கினார். திட உலோகத்தைக் கடைந்தும், மின்பொறியால் அரித்தும் பல்லுறை செய்தார். இன்று கணினி காட்டும் வழியில் கடைவதும், உலோகத் தூளை லேசர் ஒளியால் உருக்கி அடுக்குவதும் பெருகிவிட்டன. வார்ப்புப் பட்டறையின் இடம் சுருங்கிவிட்டது.

ஆயினும் வார்க்க முயன்றோரின் உழைப்பை வீண் என்று தள்ளிவிட இயலாது. இவ்வுலோகம் எதனோடு பகைக்கும், எங்கே உறையும், எதனால் நொறுங்கும் என்பனவற்றை அவர்களது பட்டறை உலகுக்கு உணர்த்தியது. செம்பையும் பொன்னையும் கையாண்ட பழம்பெருங் கலை, புதிய உலோகத்தின் இயல்புக்கேற்பத் தன் அச்சையும் உலையையும் மாற்றிக்கொண்டது. கருவியும் வழக்கமும் எவ்வளவு தொன்மையானவை ஆயினும், பொருளின் இயல்பறிந்தே தொழில் நடக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.