25 டாலர் பார்சல்: அர்ஜென்டினா ஆன்லைன் ஷாப்பிங்குக்குப் பூட்டு போட்ட கதை

2014 ஜனவரி மாதம். அர்ஜென்டினாவின் தலைநகர் பியூனஸ் அயர்ஸில் ஒருவர் அமேசானில் ஒரு புத்தகமோ ஈபேயில் ஒரு செல்போன் உறையோ ஆர்டர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாகிவிட்டது. பார்சலும் நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வராது!

முதலில் வரித்துறையின் இணையதளத்தில் ஒரு உறுதிமொழிப் படிவத்தை நிரப்ப வேண்டும். அந்தத் தாளோடு சுங்க அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். வரிசையில் நின்று, பார்சலை வாங்கி வர வேண்டும். அடுத்த பார்சல் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து இதே வேலை. வருடத்துக்கு 25 டாலர் வரைக்கும்தான் வரி கிடையாது. அதைத் தாண்டினால் 50 சதவீத வரி.

இத்தனைக்கும் அர்ஜென்டினா ஒன்றும் பஞ்சத்தில் அடிபட்ட நாடு இல்லை. ஜி-20 அமைப்பில் உறுப்பினர். சோயா, கோதுமை, மாட்டிறைச்சி என்று உலகத்துக்கே சாப்பாடு போடும் நாடு. அப்படிப்பட்ட நாட்டின் அரசு எதற்காக 25 டாலர் பார்சலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தது? பதில் தெரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேசோவை நம்பாத மக்கள்

அர்ஜென்டினாவின் நாணயம் பேசோ. ஆனால் அந்த நாட்டு மக்கள் சேமிப்பது டாலரில். இது ஃபேஷன் இல்லை, பட்ட அனுபவம். 1989-ல் அங்கே பணவீக்கம் 3,000 சதவீதத்தைத் தாண்டியது. சம்பளம் வாங்கிய அன்றே செலவு செய்யாவிட்டால் அந்தப் பணத்துக்கு மதிப்பில்லை என்ற நிலைமை.

இதைச் சரிக்கட்ட 1991-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு பேசோ என்றால் ஒரு டாலர், அவ்வளவுதான். பத்து வருடம் இது ஓடியது. 2001 டிசம்பரில் வங்கிகளிலிருந்து மக்கள் பணத்தை எடுக்க ஓடியபோது, வாரத்துக்கு 250 பேசோவுக்கு மேல் ரொக்கமாக எடுக்க முடியாது என்று அரசு கதவை மூடியது. 2002 தொடக்கத்தில் 'ஒன்றுக்கு ஒன்று' என்ற கணக்கும் போனது. வங்கியில் டாலராகப் போட்டு வைத்திருந்தவர்களுக்கு ஒரு டாலருக்கு 1.40 பேசோ என்று கட்டாயமாக மாற்றிக் கொடுத்தார்கள். அதே வருடத்தில் சந்தையில் டாலர் 3 பேசோவைத் தாண்டிவிட்டது. சேமிப்பில் பாதிக்கு மேல் கண்ணெதிரே கரைந்தது.

இதை அனுபவித்த ஒரு குடும்பம் அதற்குப் பிறகு பேசோவை நம்புமா? நம்பவில்லை. கையில் நாலு காசு சேர்ந்தால் டாலர் வாங்கிப் பத்திரப்படுத்துவது பழக்கமாகிவிட்டது.

கஜானா கரைந்த கதை

2003-க்குப் பிறகு சோயா விலை ஏறியது, நாடும் தேறியது. 2011 தொடக்கத்தில் மத்திய வங்கியின் கையிருப்பு சுமார் 5,200 கோடி டாலர். ஆனால் உள்ளே வேறு வியாதி வளர்ந்துகொண்டிருந்தது. விலைவாசி ஏறியது. அரசு வெளியிட்ட பணவீக்கப் புள்ளிவிவரத்தை உள்நாட்டிலேயே யாரும் நம்பவில்லை. 2013 பிப்ரவரியில் சர்வதேச நிதியமே இந்தப் புள்ளிவிவரங்களுக்காக அர்ஜென்டினாவைக் கண்டித்தது. போதாக்குறைக்கு, எரிசக்தி ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2011 வாக்கில் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. அதற்கு டாலர் வேண்டும். கடனை அடைக்கவும் டாலர் வேண்டும். மக்களும் டாலர் வாங்குகிறார்கள். கையிருப்பு கரையாமல் என்ன செய்யும்?

2011 அக்டோபரில் கிறிஸ்டினா பெர்னாண்டஸ் 54 சதவீத வாக்குகளோடு மீண்டும் அதிபர் ஆனார். தேர்தல் முடிந்த சில நாட்களிலேயே, டாலர் வாங்க வேண்டுமென்றால் வரித்துறையின் அனுமதி வேண்டும் என்று உத்தரவு வந்தது. மக்கள் இதற்கு வைத்த பெயர் 'செப்போ'. ஸ்பானிய மொழியில் பொறி என்று பொருள். அனுமதி கிடைக்காதவர்கள் கள்ளச்சந்தைக்குப் போனார்கள். அங்கே விற்ற டாலருக்கு 'நீல டாலர்' என்று பெயர்.

அடுத்து இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. எவ்வளவு இறக்குமதி செய்கிறாயோ அவ்வளவு ஏற்றுமதியும் செய் என்றார்கள். பி.எம்.டபிள்யூ கார் கம்பெனி, கார்களை உள்ளே கொண்டுவருவதற்காக அர்ஜென்டினாவிலிருந்து அரிசி ஏற்றுமதிக்கு ஒப்புக்கொண்டது! 2012 மார்ச்சில் புத்தகங்களையும் விட்டுவைக்கவில்லை. அச்சு மையில் ஈயம் 0.006 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று காரணம் சொல்லி வெளிநாட்டுப் புத்தகங்களை நிறுத்தினார்கள். இணையத்தில் புத்தகம் வாங்கியவர்கள் எசெய்சா விமான நிலையத்துக்கு அலைய வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது.

கிரெடிட் கார்டு என்ற ஜன்னல்

கதவை மூடிய அரசு ஒரு ஜன்னலை மறந்துவிட்டது. கிரெடிட் கார்டில் வெளிநாட்டுப் பொருள் வாங்கினால், அரசு நிர்ணயித்த விலையிலேயே டாலர் கணக்கிடப்பட்டது. சுதாரித்துக்கொண்ட அரசு 2012-ல் இதன்மேல் 15 சதவீதம் பிடித்தது. 2013 மார்ச்சில் 20 சதவீதம், டிசம்பரில் 35 சதவீதம். (பெயருக்கு இது தனி வரி இல்லை. வருமான வரிக்கான முன்பணம் என்று சொல்லித்தான் பிடித்தார்கள்.)

அப்படியும் மக்கள் ஏன் வாங்கினார்கள்? கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 2013 கடைசியில் அரசு விலை ஒரு டாலருக்கு சுமார் 6.50 பேசோ. நீல டாலர் சுமார் 10 பேசோ. 100 டாலர் பொருளைக் கார்டில் வாங்கினால் 650 பேசோ, அதோடு 35 சதவீதம் சேர்த்தால் 877 பேசோ. அதே 100 டாலரைத் தெருவில் வாங்க 1,000 பேசோ வேண்டும். ஆக, அபராதம் மாதிரி 35 சதவீதம் கட்டினாலும் கார்டு வழிதான் மலிவு! உள்ளூர்க் கடைகளிலோ எலெக்ட்ரானிக் பொருட்களுக்கு யானை விலை. மக்கள் வேறென்ன செய்வார்கள்? அந்த ஜன்னலை அடைக்கத்தான் 2014 ஜனவரி 22 அன்று பார்சல் உத்தரவு வெளியானது.

மூன்று நாள் கூத்து

இனிமேல்தான் வேடிக்கை. உத்தரவு வந்த மறுநாள், ஜனவரி 23 அன்று, பேசோ ஒரே நாளில் 10 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 2002-க்குப் பிறகு அவ்வளவு பெரிய ஒருநாள் சரிவு அதுதான். அதற்கும் மறுநாள், சேமிப்புக்காக மக்கள் தங்கள் வருமானத்துக்கு ஏற்ற அளவில் டாலர் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. டாலர் வாங்க அனுமதி உண்டு, ஆனால் புத்தகப் பார்சல் வாங்க சுங்க அலுவலகத்தில் நிற்க வேண்டும்!

அரசின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. உள்ளூர்க் கடைக்காரர் தான் விற்கும் பெரும்பாலான பொருட்களுக்கு 21 சதவீத மதிப்புக்கூட்டு வரி கட்டுகிறார், கடைக்கு வாடகை கொடுக்கிறார், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறார். வரி கட்டாமல் உள்ளே நுழையும் பார்சலோடு அவர் எப்படிப் போட்டி போடுவார்? ஆனால் உத்தரவின் உண்மையான நோக்கம் டாலரைக் காப்பாற்றுவது. அந்த அளவுகோலை வைத்தே பார்க்கலாம். 2013-ல் மட்டும் கையிருப்பு சுமார் 4,330 கோடியிலிருந்து 3,060 கோடி டாலராகக் குறைந்தது. போனது 1,270 கோடி. நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 4.2 கோடி. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவரும் 25 டாலருக்குப் பார்சல் வாங்கினால்கூட மொத்தம் 105 கோடி டாலர்தான். போன பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பானையின் அடியில் ஓட்டை இருக்கும்போது மேலே மூடியை இறுக்கிய கதைதான் இது.

பிறகு என்ன ஆனது?

2015 டிசம்பரில் மவுரிசியோ மக்ரி அதிபரானதும் டாலர் கட்டுப்பாட்டையும் 35 சதவீதப் பிடித்தத்தையும் எடுத்தார். 2016-ல் பார்சல்கள் மறுபடி வீட்டு வாசலுக்கு வந்தன. ஆனால் பணவீக்கம் அடங்கவில்லை. 2019 செப்டம்பரில் அதே மக்ரியே கட்டுப்பாடுகளைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று! அந்த வருட டிசம்பரில் புதிய அரசு வந்து, கார்டில் வாங்கும் வெளிநாட்டுப் பொருட்களுக்கு 30 சதவீத வரி போட்டது. அந்த வரி 2024 டிசம்பரில்தான் முடிவுக்கு வந்தது. ஹாவியர் மிலேய் அரசு அப்போது கூரியரில் வாங்கும் உச்சவரம்பை 1,000 டாலரிலிருந்து 3,000 டாலராக உயர்த்தியது. சொந்த உபயோகத்துக்கு என்றால் முதல் 400 டாலருக்குச் சுங்க வரி இல்லை, மதிப்புக்கூட்டு வரி மட்டும் உண்டு. இந்த முறை முணுமுணுத்தவர்கள் உள்ளூர் துணி உற்பத்தியாளர்கள். வெளிநாட்டு மலிவுத் துணிகள் தங்கள் பிழைப்பைக் கெடுக்கின்றன என்பது அவர்கள் குறை.

பூட்டு, திறப்பு, மறுபடி பூட்டு, மறுபடி திறப்பு. பார்சல் மேல் போட்ட சட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, சொந்த நாணயத்தின் மேல் மக்களுக்கு இருந்த அவநம்பிக்கை. 2001-ல் அவர்கள் வங்கியில் இழந்த அந்த நம்பிக்கை எந்தச் சுங்கப் படிவத்தாலும் திரும்பி வரவில்லை. ஒரு அரசு தன் மக்களின் 25 டாலர் பார்சலை எண்ண ஆரம்பிக்கிறது என்றால், கோளாறு பார்சலில் இல்லை, பணத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.